ஒரு காதில் பாதிப் பாட்டு

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்தால், சொல்லிவைத்தாற்போல் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். போய்விட்டவர்களோடு சேர்ந்து கேட்ட பாட்டை இனி என்ன செய்வது? வழக்கமாக இந்தப் பக்கத்தில் மைக்கை எங்கே வைப்பது, எந்த ஹெட்போன் போட்டால் காது வலிக்காது என்று எழுதுகிறவள் நான். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் 32 வருடம் உட்கார்ந்திருந்தேன், அதுதான் என் படிப்பு. மனநல ஆலோசனை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளும் ஒருநாள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் ஹெட்போன் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. 26 வருடமாக, படுக்கும் முன் ஒரே இயர்போனை ஆளுக்கொரு பக்கம் செருகிக்கொண்டு நாலு பாட்டாவது கேட்போம். எனக்கு இடது, அவருக்கு வலது. அவர் போன பிறகு நான் பாட்டே கேட்கவில்லை. போன வாரம் துணிந்து இரண்டு பக்கமும் நானே போட்டுக்கொண்டு எங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். அதில் நான் கேட்டே இராத ஒரு புல்லாங்குழல் வந்தது. இது நாங்கள் கேட்ட பாட்டே இல்லை என்று பயந்துபோய்ப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க அழுகை. முன்பு ஒருமுறை பஸ்ஸில் அதே பாட்டு வந்தபோது பாதி வழியில் இறங்கியும் இருக்கிறேன். பாட்டையே விட்டுவிடுவதுதான் நல்லதா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: முதலில் அந்தப் புல்லாங்குழலைப் பார்த்துவிடுவோம். உங்கள் காதிலும் கோளாறு இல்லை, மனதிலும் கோளாறு இல்லை. ஸ்டீரியோ பதிவு என்றால் ஒரே பாட்டுக்குள் இரண்டு தடங்கள் ஓடும். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. பாடுகிறவர் நடுவில் நிற்பதுபோல் கேட்க வேண்டும் என்றால் குரலை இரண்டு தடத்திலும் சமமாக வைப்போம். வயலின்களை ஒரு பக்கமாகத் தள்ளுவோம், குழலை எதிர்ப்பக்கம் ஒதுக்குவோம். ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பதிவுகள் சிலவற்றில் இந்த ஒதுக்கல் படுமோசமாக இருக்கும், குரல் முழுக்க ஒரு காதில், வாத்தியம் முழுக்க இன்னொரு காதில். ஒரே இயர்போனை இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பாதிப் பாட்டுதான். குரல் இரண்டு பக்கமும் வந்துவிடுகிற பாட்டுகளில் அது தெரியக்கூடத் தெரியாது.

ஆக, அந்தக் குழல் புதிதாக வந்ததில்லை. 26 வருடமாக உங்களுக்கு ஒரு சாண் தள்ளி, அவருடைய வலது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. சில இடங்களில் ஒரு காரணமும் இல்லாமல் அவர் தலையாட்டியிருப்பாரே, "இப்ப என்ன வந்துச்சுன்னு ஆட்டுறீங்க?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்களே? அது குழல் வந்த இடமாக இருக்கலாம்.

உங்கள் போனில் அமைப்புகளுக்குள் போய் அணுகல்தன்மை என்ற பகுதியைத் திறங்கள். அங்கே ஒலி சம்பந்தப்பட்ட இடத்தில் 'மோனோ' என்று ஒரு பொத்தானும், இடமும் வலமும் நகர்த்தக்கூடிய ஒரு கோடும் இருக்கும். மோனோ என்றால் இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் அதையே கொடுப்பது. ஒரு காது மட்டும் கேட்கிறவர்களுக்காக வைத்த வசதி அது. மோனோவைத் தொடாமல் விட்டுவிட்டு, அந்தக் கோட்டை இடது ஓரத்துக்குத் தள்ளி, இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்துப் பாருங்கள். உங்கள் பழைய பாட்டு, குழல் இல்லாமல், இருந்தபடியே திரும்பக் கிடைக்கும். இப்போதைக்கு அது போதும். கோட்டை வலது ஓரத்துக்குத் தள்ளி வலது பக்கத்தைக் காதில் வைத்தால் அவர் கேட்டது கேட்கும். அதற்கு அவசரமே இல்லை. என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்குப் போங்கள்.

இடையில் ஒரு செய்தி. 1979இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு தணியும், உள்ளேயே இருக்கும் சின்ன மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து கேட்பார்கள் என்று நினைத்துச் செய்த கருவி. நாளடைவில் அந்த இரண்டாவது துளை காணாமல் போய்விட்டது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான்.

சரி, பஸ் விஷயம். இறங்கிப் போனதற்கு வெட்கப்படாதீர்கள். பாட்டையும் சொந்த வாழ்க்கை நினைவையும் முடிச்சுப் போடும் வேலையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2009இல் பெட்ர் ஜனாட்டா என்ற ஆய்வாளர் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். அந்த முடிச்சு நம்மைக் கேட்டுக்கொண்டு அவிழ்வதில்லை. போட்டோ என்றால் திருப்பி வைத்துவிடலாம், பஸ் ஓட்டுநர் போடும் பாட்டை என்ன செய்வது? பாட்டை விட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் விட்டாலும் அது வரும், எதிர்பாராத இடத்தில் வரும். நீங்களாகத் தேர்ந்தெடுத்த நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது வேறு விஷயம்.

ஆனால் எடுத்த எடுப்பில் உங்கள் இருவருக்கும் உயிரான பாட்டை எடுத்திருக்கிறீர்கள், அதுதான் தப்பு. அவருக்குப் பிடித்து உங்களுக்குப் பிடிக்காத பாட்டு ஒன்றாவது இருக்குமே, "ஐயோ இதை மாத்துங்க" என்று சொல்வீர்களே, அதிலிருந்து ஆரம்பியுங்கள். சண்டை போட்ட பாட்டு அவ்வளவு குத்தாது. ராத்திரி வேண்டாம், பகலில் கேளுங்கள். ஒரே ஒரு பாட்டு. முடிந்ததும் எழுந்து ஏதாவது வேலை பாருங்கள். துக்கத்துக்குள் கொஞ்சம் போவதும், அதை வைத்துவிட்டு அன்றாட வேலைக்கு வருவதும் மாறிமாறி நடப்பதுதான் இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் விளக்கி எழுதினார்கள். அதனால் பாட்டு முடிந்த அஞ்சாவது நிமிடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தால், அவரை மறந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

எட்டு மாதத்தில் அழுவது நோய் ஆகாது. ஆனால் சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் குலைந்தாலோ, நானும் போய்விட்டால் தேவலை என்ற நினைப்பு வந்தாலோ, இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு எங்கும் போகாது, ஆயிரம் இடத்தில் பதிவாகி இருக்கிறது. அந்தப் பாட்டுக்குள் அவர் செய்தது எங்கேயும் பதிவாகவில்லை. எந்த வரியில் உங்கள் முழங்கையைத் தட்டுவார், எந்த இசையில் குறட்டை ஆரம்பிக்கும், எந்தச் சொல்லைத் தப்பாகப் பாடுவார். பாட்டின் முதல் வரியை எழுதி அதற்கு நேரே இவற்றை எழுதுங்கள். தப்பாகப் பாடிய சொல்லை அவர் பாடியபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது.

கேள்வி: அப்பா பாடிப் பதிவு செய்த 60 நிமிடக் கேசட் ஒன்று அலமாரிக்குள் கிடைத்தது. 20 வருடமாக யாரும் தொடாதது. பழைய டேப்ரெக்கார்டர் ஒன்றில் ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். சத்தம் மங்கலாக இருக்கிறது. விசித்திரமாக ஒன்று கேட்டது: அப்பா பாட ஆரம்பிப்பதற்கு இரண்டு விநாடி முன்பே, எங்கோ தூரத்தில் யாரோ அதே வரியைப் பாடுவதுபோல் மெல்லக் கேட்கிறது. "உங்கப்பாதான் அங்கேருந்து பாடுறார்" என்கிறார் அம்மா. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?
— ஒரு மகன்

பதில்: தம்பி, இனிமேல் ஒரு தடவைகூட அதைச் சும்மா போட்டுக் கேட்காதீர்கள். முதல் காரியம் இது: கேசட்டில் நாடா வெளியே தெரிகிற விளிம்புக்கு எதிர் விளிம்பைப் பாருங்கள். இரண்டு மூலையிலும் நகக்கண் அளவுக்கு ஒவ்வொரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி உடைத்துவிடுங்கள். உடைத்த கேசட்டைப் போட்டால் ரெக்கார்ட் பொத்தான் அமுங்காது. இதை ஏன் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்கிறேன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

அடுத்து, நாடா தெரிகிற விளிம்பின் நடுவில் மெல்லிய உலோகப் பட்டை ஒன்றும் அதன்மேல் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டும் இருக்க வேண்டும். டேப்ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் பதிவைப் படிக்கும் உலோகப் பகுதிக்கு ஹெட் என்று பெயர். நாடாவை அந்த ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அந்தத் துண்டுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும், சத்தம் மங்குவதற்கு அது ஒரு காரணம். டேப்ரெக்கார்டரின் ஹெட்டில் பழுப்பாக அழுக்கு படிந்திருப்பது இன்னொரு காரணம். நாடாவில் பூசியிருக்கும் இரும்பு ஆக்சைடு உதிர்ந்துதான் அங்கே ஒட்டுகிறது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கம்பளித் துண்டு போயிருந்தால் நாடாவை வேறொரு நல்ல கேசட் கூட்டுக்குள் மாற்ற வேண்டும். திருகாணி போட்ட கூடு என்றால் கை நடுங்காத யாரும் செய்யலாம். ஒட்டிய கூடு என்றாலோ, நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தாலோ, அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஏற்றுவது சுலபம். டேப்ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒரு கம்பி, அந்தத் துளை இல்லாவிட்டால் நடுவில் ஒரு யுஎஸ்பி ஒலிக்கருவி. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். சத்தத்தின் அளவைக் காட்டும் பட்டை சிவப்பைத் தொடாத அளவுக்குச் சத்தத்தை வைத்து, ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஓட்டமாக ஏற்றுங்கள். வேவ் கோப்பாகச் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம். சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், கேசட் முழுவதும் 600 எம்பி சுமாருக்குள் அடங்கிவிடும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றையாவது வேறு வீட்டில் வையுங்கள்.

இனிமேல்தான் நான் மல்லுக்கு நிற்கப் போகிறேன். அந்த மென்பொருளில் இரைச்சலை நீக்கும் வசதி உண்டு. உங்கள் கை துறுதுறுக்கும். மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள். இரைச்சலை வழிக்கும்போது பாடுகிறவர் மூச்சு இழுக்கும் சத்தத்தையும் சேர்த்து வழித்துவிடும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அப்பா இருமியது, சுருதி விலகியது, "ஓடுதா பாரு" என்று நடுவில் கேட்டது, வரி மறந்து "ம்ம்ம்" என்று ஒப்பேற்றியது, எதையும் வெட்டாதீர்கள். நல்லபடியாகப் பாடின பாடகர்கள் உலகத்தில் ஏராளம். அந்த "ம்ம்ம்" உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தத் தூரத்துக் குரலுக்கு எங்கள் தொழிலில் பிரிண்ட்-த்ரூ என்று பெயர். சுற்றிவைத்த நாடாவில் ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது இல்லையா, வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் ஒரு சுற்றில் உள்ள காந்தப் பதிவு மங்கலாகப் பக்கத்துச் சுற்றிலும் படிந்துவிடும். மௌனத்துக்குப் பிறகு சட்டென்று உரக்க எடுக்கும் இடங்களில் அது நன்றாகக் கேட்கும். ஒரு சுற்று ஓடிமுடிய ஆகும் நேரம்தான் உங்கள் இரண்டு விநாடி. ஏற்றுவதற்கு முன் நாடாவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு மூன்று தடவை வேகமாக ஓட்டினால் கொஞ்சம் குறையும்.

இது உங்களுக்குச் சொன்ன விளக்கம். அம்மாவிடம் போய்ச் சொல்லியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நானாக இருந்தால் நாடாவை ஓட்டாமல் ஒரு பிரதி, ஓட்டி ஒரு பிரதி என்று இரண்டு எடுத்து, முதல் பிரதியை அம்மா கையில் கொடுத்துவிடுவேன்.

கேள்வி: என் மனைவி, இறந்துபோன தன் தம்பிக்குப் பிடித்த பாட்டுகளையே தினமும் காலையில் போட்டுக் கேட்கிறாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. வீடே முகாரி பாடுகிறது. எப்படி நிறுத்துவது?
— ஒரு கணவர்

பதில்: முகாரியை அழுகைக்கே எழுதிவைத்துவிட்டோம், பாவம் அந்த ராகம். நிறுத்த வேண்டாம் ஐயா. நாளைக் காலையில் பக்கத்தில் போய் உட்காருங்கள். "இதில் தம்பிக்கு எந்த இடம் பிடிக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வர அரை மணி நேரம் ஆகலாம், ஆபீசுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடாதீர்கள். பாட்டு முடிந்ததும் உங்கள் மனைவி வேலையைப் பார்க்கிறாரா, பேசுகிறாரா, சிரிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதெல்லாம் நடக்கிறது என்றால் கவலைக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமே நடக்காமல் நாள் முழுவதும் அந்தத் தவிப்பிலேயே போகிறது என்றால், அதற்கு உதவி உண்டு. பெரியவர்களிடம் ஓராண்டுக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடும் துக்கத்தை, மருத்துவம் பார்க்க வேண்டிய ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2022இல் சேர்த்துக்கொண்டது. மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அங்கே போய் "பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள் டாக்டர்" என்று ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: எனக்கு 22 வயது. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். முகம்கூட போட்டோவில் பார்த்ததுதான். அம்மா கைப்பட எழுதிய பாட்டு நோட்டு ஒன்று இருக்கிறது, 70 பாட்டுக்கு மேல். அதில் உள்ளதையெல்லாம் தேடித் தேடிக் கேட்கிறேன். சில பாட்டில் தொண்டை அடைக்கிறது. நண்பன் ஒருவன், "உனக்குத்தான் எதுவும் ஞாபகமே இல்லையே, இதெல்லாம் நீயா வரவழைச்சுக்கிறது" என்கிறான். நான் நடிக்கிறேனா?
— இன்னொரு மகன்

பதில்: உங்கள் நண்பருக்கு இரண்டு செய்தி. ஒன்று, குழந்தை பிறப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அதற்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. அதற்குத் தெளிவாகக் கேட்கும் குரல் அம்மாவுடையது, ஏனென்றால் அது காற்று வழியாக மட்டும் வருவதில்லை, அவர் உடம்பு வழியாகவும் வருகிறது. பிறகு மூன்று வருடம் மடியில். எந்தப் பாட்டு, எந்த நாள் என்று சொல்ல உங்களுக்கு வராது, அவ்வளவுதான்.

இன்னொன்று, 2013இல் கேரல் க்ரும்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு. 20 வயது மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை வெற்றிபெற்ற பாட்டுகளைப் போட்டுக்காட்டி, எதோடு மனது ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். தங்கள் காலத்துப் பாட்டோடு ஒட்டியது, அதில் ஆச்சரியம் இல்லை. தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளோடும் தனியாக ஒரு ஒட்டுதல் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் பிறக்கும் முன் வந்த பாட்டுகள் அவை. வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது பிள்ளைகளுக்குள்ளும் இறங்கிவிடுகிறது.

நண்பரை விடுங்கள், நோட்டை எடுங்கள். நீங்கள் பாட்டைத் தேடிக் கேட்கிறீர்கள், நோட்டைச் சரியாகப் பார்த்தீர்களா? வானொலியைக் கேட்டுக்கொண்டே எழுதிய நோட்டு என்றால் பேனா பாட்டின் வேகத்துக்கு ஓடாது. தவறிப்போன வரிக்கு இடம் விட்டிருப்பார். அடுத்த முறை அந்தப் பாட்டு எப்போது வருமோ என்று காத்திருந்து, வேறு மையில் அதை நிரப்பியிருப்பார். இரண்டு மைக்கும் நடுவில் ஒரு வாரமும் இருக்கலாம், ஒரு வருடமும் இருக்கலாம். காதில் சரியாக விழாத சொல்லைத் தன் யூகத்தில் எழுதியிருப்பார், அது உண்மையான பாட்டில் இருக்காது. நிரப்பாமலே விட்ட இடங்களும் இருக்கும். பாட்டை ஓடவிட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் வேறுபடுகிறது என்று பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். பாட்டும் நோட்டும் ஒத்துப்போகிற இடத்தில் பாடலாசிரியர் இருக்கிறார். ஒத்துப்போகாத இடமெல்லாம் அம்மா.

விட்டுப்போன இடங்களை நீங்கள் நிரப்பலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று நினைக்கிறேன். நிரப்பலாம், உங்கள் மையில்.

கேள்வி: அக்கா கேட்டதெல்லாம் துள்ளல் பாட்டுகள். நினைவுக் கூட்டத்தில் அவற்றைப் போடலாம் என்றால் உறவினர்கள் முறைக்கிறார்கள். போடலாமா, கூடாதா?
— ஒரு தங்கை

பதில்: போடுங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவேல் முதல் உலகப் போரில் லாரி ஓட்டப் போனவர். போரில் நண்பர்கள் பலரைப் பறிகொடுத்தார். அவர்களுக்காகப் பியானோவில் ஆறு பகுதிகள் கொண்ட ஒரு தொகுப்பை 1917இல் முடித்தார். ஒவ்வொரு பகுதியும் இறந்த ஒரு நண்பரின் பெயரில், ஒன்று மட்டும் சகோதரர்கள் இருவருக்கும் சேர்த்து. அந்த ஆறில் மூன்று பகுதிகள் பழைய நடன மெட்டுகள்! துக்கத்துக்கு இவ்வளவு லேசான இசையா என்று அப்போதும் முறைத்தார்கள். 1919இல் அதை முதன்முதலாக மேடையில் வாசித்தவர் மார்கரித் லோங். கடைசிப் பகுதி, அந்தப் படுவேகமான பகுதி, அவருடைய கணவரின் பெயரில் எழுதப்பட்டது. அவர் போரில் இறந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. அதை வாசித்த அந்த விரல்களை நினைத்துக்கொள்வேன் நான், அப்புறம் உறவினர்கள் முறைப்பது பெரிதாகத் தெரியாது.

ஒரு யோசனை: எல்லாப் பாட்டையும் போடாமல், அக்கா ஆடிய பாட்டு ஒன்றை மட்டும் போட்டு, அவர் எப்படி ஆடுவார் என்று நீங்கள் ஆடிக் காட்டுங்கள். முறைக்கிறவர்களில் ஒருவராவது "அப்படி இல்லை, கையை இப்படி வீசுவாள்" என்று திருத்த எழுந்து வருவார்.

கேள்வி: எல்லோருக்கும் பதில் சொல்கிறீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு பாட்டு உண்டா?
— நெடுநாள் வாசகி

பதில்: உண்டு. என் அண்ணனுடையது. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் அதைச் சரியான சொல்லோடு கேட்டுவிடுவீர்கள். நாயகன் "வாராயோ" என்று உருகும் இடத்தில் அண்ணன் "வராதே போ" என்று பாடுவான். சின்ன வயதில் ரேடியோக் கரகரப்புக்கு நடுவில் அப்படித்தான் அவன் காதில் விழுந்திருக்கிறது. ஏதோ சண்டைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் கையை வேறு உதறிக் காட்டுவான். வளர்ந்து, சரியான சொல் தெரிந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அவனிடம் பாடம் கேட்ட எனக்கும் அதுதான் பாட்டு. கூடத்தில் ஒரு பாடகி அந்தப் பாட்டைப் பாடிமுடித்த அன்று, டேக் முடிந்த கையோடு, "சொல் தப்பு, இன்னொரு தடவை போகலாம்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொத்தக் குழுவும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஒரு விடுமுறையில் அவன் பாடியதையெல்லாம் 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் நிறையப் பதிவு செய்தேன். மேலே பெயர் எழுதவில்லை. நாக்கை உடைக்கவில்லை. ஊரார் கேசட்டுக்கெல்லாம் உடைத்துக் கொடுத்தவள், என் கேசட்டுக்குச் செய்யவில்லை. அவன் இறந்து ஏழு மாதம் இருக்கும், வீட்டில் ஒரு பேட்டியைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவசரத்தில் கைக்குக் கிடைத்த கேசட்டை எடுத்துப் போட்டேன். பதிவு செய்யும்போது அழிக்கும் ஹெட் முன்னால் இருக்கும், பதியும் ஹெட் பின்னால் இருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதியது ஏறும். துடைத்ததைத் திரும்ப எடுக்க வழி கிடையாது என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பேட்டி முடிந்து நிறுத்தியபோது அந்தப் பக்கத்தில் 11 விநாடி மிச்சம் இருந்தது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். 11 விநாடி என்றால் அரை மீட்டரும் கொஞ்சமும். 85 மீட்டர் இருந்த அண்ணனில் எனக்கு மிஞ்சியது அது. யார்மேல் கோபப்படுவது? அன்றைக்குப் பேட்டி கொடுத்தவரோடு ரொம்ப நாள் நான் சரியாகப் பேசவில்லை, அவர் பாவம், அவருக்குக் காரணமே தெரியாது.

இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த 11 விநாடியைக் கேட்டேன். பாட்டின் கடைசி வரி. "வராதே போ" இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு சிரிப்பு, "ஏய், இன்னும் ஓடுதா?" என்ற கேள்வி, நாடா தீர்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் ஏற்றி ஐந்து பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் அண்ணனின் பேரன் வந்திருந்தான். ஏழு வயது. ஒரு பக்கம் அவன் காதில், ஒரு பக்கம் என் காதில் வைத்துப் போட்டுக் காட்டினேன். வீட்டு ரெக்கார்டரில் எடுத்தது, மோனோ, அதனால் இரண்டு பேருக்கும் முழு அண்ணனும் கிடைத்தான். மூன்று தடவை கேட்டான். தாத்தா ஏன் திட்டுகிறார் என்று கேட்டான். திட்டவில்லை, பாட்டே அப்படித்தான் என்றேன். இப்போது பாட்டு வகுப்பில் அவன் "வராதே போ" என்று கையை உதறிப் பாடுவதாக அவன் டீச்சர் வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். வகுப்பில் டீச்சர் சொல், வீட்டில் நம் சொல் என்று அவனிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்.